வளவனை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போன நாள்

வளவனுக்கு முப்பத்தாறு வயது. சட்டைக்குப் பொத்தான் போடத் தெரியாது. சோற்றைப் பிசைந்து உருட்டிக் கையில் வைத்தால் தின்பான். தட்டில் போட்டுவிட்டு நகர்ந்தால் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆள் மட்டும் அப்பன் கோவிந்தசாமியைப் போல, நிலைப்படியில் குனிந்து நுழையும் உயரம். தாடி முளைத்தது, காதோரம் நரைகூட எட்டிப் பார்த்துவிட்டது. பேச்சு மூன்று வயதில் நின்றது நின்றதுதான். அம்மா, அக்கா, சோறு, காரு, வா, வாணாம். இதற்குமேல் இன்னும் சில சொற்கள் உண்டு. அவை அவன் அம்மா ராஜாம்பாளுக்கு மட்டும்தான் புரியும்.

ராஜாம்பாள் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த ஃபியூஸ் கட்டைகளின் ஓரத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்கிப் பலகையில் அடுக்க வேண்டும். பிறகு அவை சூளைக்குப் போகும். கல்யாணமாகி வந்த புதிதில் சேர்ந்த வேலை. கோவிந்தசாமி ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினான். வளவன் சிறுவனாக இருந்தபோதே ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேல் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் மகனையும் கம்பெனிக்கே கூட்டிப்போய்ப் பலகைக்கடியில் உட்காரவைத்துக்கொண்டு வேலை செய்தாள். ஆள் வளர வளர அது முடியாமல் போயிற்று. வெளிக்கதவைப் பூட்டிவிட்டுப் போவாள். மத்தியானம் ஓட்டமும் நடையுமாக வந்து ஊட்டிவிட்டு ஓடுவாள். பக்கத்து வீட்டுப் பெரியநாயகி வீட்டிலேயே இட்லி சுட்டு விற்கிறவள். சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து காது கொடுத்துக்கொண்டிருப்பாள். வளவன் சத்தம் போட்டால், "என்னாடா ராசா, அம்மா இதோ வந்துடும்" என்பாள். அவன் அடங்கிவிடுவான். இப்படித்தான் வருஷங்கள் ஓடின.

மகள் தமிழினி வளவனுக்கு மூத்தவள். நர்சிங் படித்து, சென்னையில் கல்யாணமாகி, பல்லாவரத்தில் வாடகை வீட்டில் இருந்தாள். இரண்டு பெண் பிள்ளைகள், மாமியார், ஒரே படுக்கையறை.

ராஜாம்பாளின் மார்பில் கட்டி வந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் இவனை யார் பார்ப்பது என்கிற ஒரே யோசனையில் தள்ளிக்கொண்டே வந்தாள். தமிழினி பொங்கலுக்கு வந்தபோது அம்மா இடது கையைத் தூக்க முடியாமல் தூக்குவதைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். பாண்டிச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. அந்த நாட்களில் வளவனைத் தமிழினி பல்லாவரத்துக்குக் கூட்டிப்போனாள். ஒருநாள் அவன் குளித்துவிட்டு ஈரத்தோடு, துணியில்லாமல் படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கி வாசலில் நின்றுவிட்டான். அங்கே ஸ்கூல் வேனுக்குக் காத்திருந்த பிள்ளைகள் அலறின. அவனுக்கு ஒன்றும் தெரியாது. கார் பார்க்கத்தான் வந்தான். வீட்டுக்காரர் மறுநாளே காலி செய்யச் சொல்லிவிட்டார். கெஞ்சிக் கூத்தாடி அந்த வீட்டைத் தக்கவைத்தார்கள். வளவன் விருத்தாசலம் திரும்பினான்.

ஆபரேஷனோடு முடியவில்லை. எலும்புக்கும் போயிருக்கிறது என்றார்கள். மாத்திரை, ஊசி, மறுபடி மாத்திரை. எவ்வளவு நாள் என்று தமிழினி கேட்டாள். டாக்டர் நேராகச் சொல்லவில்லை.

"அப்ப இருக்கறவரைக்கும் இருக்கேன். அவ்ளோதான?" என்றாள் ராஜாம்பாள்.

ஏற்காட்டில் ஓர் இல்லம் இருக்கிறது, வளவனைப் போன்ற பெரிய ஆண்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தமிழினி விசாரித்துச் சொன்னாள். ராஜாம்பாள் போனை அணைத்துவிட்டாள். அடுத்த முறை சொன்னபோது, "நான் செத்தப்புறம் பேசு" என்றாள். அதற்கப்புறம் தமிழினி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் ராஜாம்பாள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். தலை சுவரில் மோதியது. நினைவு போய்ப்போய் வந்தது. வளவன் வந்து எட்டிப் பார்த்தான். "அம்மா" என்றான். அவள் ஏதோ சொல்ல முயன்றாள், நாக்கு எழவில்லை. அவன் போய்த் தன் போர்வையை எடுத்துவந்து அவள்மேல் போர்த்தினான். பிறகு ஈரத் தரையில் அவளோடு ஒட்டிப் படுத்துக்கொண்டான்.

அன்று பெரியநாயகி மங்கலம்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். மறுநாள் காலையில்தான் திரும்பினாள். சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு சத்தமும் இல்லையே என்று ஆளைக் கூட்டிக் கதவை உடைத்தாள். வளவன் அப்போதும் அதே இடத்தில் படுத்திருந்தான். சோறில்லை, தண்ணியில்லை. படுத்த இடத்திலேயே எல்லாம் போயிருந்தான். அம்மா தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு உதட்டில் விரல் வைத்துப் பெரியநாயகிக்குச் சத்தம் போடாதே என்று சைகை காட்டினான்.

ராஜாம்பாள் பிழைத்துக்கொண்டாள். நெற்றியில் தையல் போட்டு வீட்டுக்கு வந்த அன்று சாயந்தரமே மகளைக் கூப்பிட்டாள்.

"ஏற்காட்டுல ஒரு எடம் சொன்னியே. அத பாரு."

"ம்மா... என்னா ஆச்சு?"

"நான் செத்துக் கெடந்தாலும் இவன் பக்கத்துல படுத்துக்கிட்டேதான்டி இருப்பான். அவனும் காஞ்சே செத்துடுவான். பாருடி. சீக்கிரம் பாரு."

இரண்டு முறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்த தமிழினி, அம்மா சரி என்றதும் போனிலேயே உடைந்து அழுதாள்.

இடம் உடனே கிடைக்கவில்லை. கார்த்திகை பிறந்த பிறகு ஒரு படுக்கை காலியாக இருப்பதாகச் சொன்னார்கள். இல்லத்தின் பொறுப்பாளர் சொர்ணாம்பாள் என்கிற வயதான அம்மாள் போனில் பக்குவமாகப் பேசினார். "கூட்டிட்டு வர்ற அன்னிக்கு அடம் பண்ணா எல்லாருக்கும் கஷ்டம். ஊரு சுத்திப் பாக்க வர்ற மாதிரி வாங்க. சாயந்தரமா இங்க கொண்டாந்து விடுங்க" என்றார்.

சேலம் வரை ரயில், அங்கிருந்து ஒரு வாடகைக் கார் என்று தமிழினி ஏற்பாடு செய்தாள். "ஒரு நாளு முழுக்க அவனுக்குன்னே காரும்மா. ஏரி, பார்க்கு, எல்லாத்தையும் பாக்கட்டும். சாயந்தரம்..." என்று நிறுத்திக்கொண்டாள்.

முதல்நாள் ராஜாம்பாள் மகனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். நகம் வெட்டினாள், சவரம் செய்தாள். பொத்தான் இல்லாத பனியன் சட்டைகளாகப் பார்த்து வாங்கியிருந்தாள். இல்லத்தில் சொன்னபடி ஒவ்வொன்றின் கழுத்துப்பட்டியிலும் அவன் பெயரை மையால் எழுதினாள். அவன் பையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டான்.

"காரு?"

"ஆமா, காருதான். நாளைக்கு காருல போறோம்."

அவன் கை தட்டினான். அன்று வெகுநேரம் தூங்கவில்லை. அவளும்தான்.

விடிகாலையில் பெரியநாயகி வாழையிலையில் கட்டிய இட்லிப் பொட்டலத்தோடு வந்தாள். எல்லாம் தெரிந்தவள். வளவனின் தாடையைப் பிடித்து, "ராசா..." என்றாள். பொட்டலத்தை அவன் கையில் திணித்துவிட்டு விடுவிடுவென்று தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சேலத்தில் ஸ்டேஷன் வாசலில் தமிழினி காத்திருந்தாள்; சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்கியிருந்தாள். பக்கத்தில் வெள்ளைக் காரோடு டிரைவர் தங்கராசு. நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். வளவனை ஏற இறங்கப் பார்த்தார், சட்டென்று புரிந்துகொண்டார், முகத்தில் எதையும் காட்டவில்லை. முன்கதவைத் திறந்து, "தம்பி, நீங்க எங்கூட முன்னாடி வாங்க. நமக்குத்தான் ரோடு நல்லா தெரியணும்" என்றார்.

வளவன் முன்சீட்டில் உட்கார்ந்தான். அவன் வாழ்நாளில் காரின் முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை. பெல்ட்டை மாட்டியபோது அசையாமல் இருந்தான், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டான்.

"மொத தடவைங்களாம்மா ஏற்காடு?"

"ஆமாங்க" என்றாள் ராஜாம்பாள்.

"நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. மேல பனிமூட்டம் போட்டிருக்குது. எல்லா எடத்தையும் காட்டிட்டு, இருட்டறதுக்குள்ள கீழ எறக்கிடுவேன். மூணு பேரயும் பத்திரமா கொண்டாந்து ஸ்டேஷன்ல விட்டுடுவேன், பயப்படாதீங்க."

மூணு பேர் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். தமிழினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடிவாரம் தாண்டியதும் வெயில் கழன்று விழுந்தது. மூங்கில் புதர்கள், மரங்களில் சுற்றிய மிளகுக் கொடிகள், சுவரில் வரிசையாகக் குரங்குகள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நின்றது. தங்கராசு ஒவ்வொரு வளைவையும் வளவனுக்காகச் சத்தம் போட்டு எண்ணினார். வண்டி திரும்பும்போதெல்லாம் வளவன் முன்பலகையில் இரண்டு கையாலும் தட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு காருக்குள் நிறைந்திருந்தது. ராஜாம்பாளுக்கு வளைவுகள் முடிந்துவிடக்கூடாதே என்றிருந்தது.

"இருபதுதான், முடிஞ்சு போச்சு" என்றார் தங்கராசு.

மேலே குளிர் எலும்பில் இறங்கியது. வளவன் இதுவரை குளிரைப் பார்த்ததில்லை. காரைவிட்டு இறங்கியவன் தன் கைகளைத் தூக்கிப் பார்த்தான், ரோமம் குத்திட்டு நிற்பதைத் தொட்டுப் பார்த்தான், அம்மாவிடம் கொண்டுவந்து காட்டினான். தெருவோரக் கடையில் நீல ஸ்வெட்டர் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டாள். தலை மாட்டிக்கொண்டு சிக்கியபோது உள்ளிருந்து சிரித்தான்.

ஏரியில் துடுப்புப் படகு. உயிர்காக்கும் சட்டை அவன் மார்புக்குப் பற்றவில்லை. முன்னால் கட்டாமலே விட்டார்கள். படகுக்காரர் நிதானமாகத் துடுப்புப் போட்டார். நடு ஏரியில் வெண்மூட்டம் இறங்கிக் கரை மறைந்துபோனது. எங்கே பார்த்தாலும் வெள்ளை. துடுப்புச் சத்தம் ஒன்றுதான்.

"நடுவுல ஆழம் எவ்ளோங்க இருக்கும்?" என்றாள் ராஜாம்பாள்.

"ரெண்டு ஆளு ஆழத்துக்கு மேல இருக்கும்மா. பயப்படாதீங்க, ஒண்ணும் ஆவாது."

அவள் பயப்பட்டுக் கேட்கவில்லை. எதிரே வளவன் தண்ணீரில் விரலை விட்டு, கோடு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் போதும். இரண்டு பேருக்கும் சேர்த்து எல்லாக் கேள்வியும் முடிந்துபோகும். அந்த நினைப்பு வந்தது என்பதே அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. யாரோ தன் மணிக்கட்டை இறுக்குவதை உணர்ந்து திரும்பினாள். தமிழினி. படகு கரைசேரும்வரை அந்தப் பிடியை விடவில்லை.

கரையில் மிளகாய் பஜ்ஜி சுட்டுக்கொண்டிருந்தார்கள். வளவன் காரம் தாங்காமல் ஊதி ஊதித் தின்றான். தின்றுவிட்டு மறுபடி கை நீட்டினான். தங்கராசும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றார். "ஆளு நல்லா ஜாலியான ஆளும்மா. என் வண்டியில எத்தினியோ பேரு வந்திருக்காங்க. செல்போன பாத்துக்கிட்டே வருவாங்க, செல்போன பாத்துக்கிட்டே எறங்கிப் போவாங்க. இவருதான் மலையப் பாத்தவரு" என்றார்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு மலைமுகட்டுக்குக் கூட்டிப்போனார். கீழே சேலம் தெரியும் என்றார். ஒன்றும் தெரியவில்லை. பள்ளத்திலிருந்து மேகம் கிளம்பி முகத்துக்கு நேராக வந்தது. வளவன் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தான். மேகத்தைக் கடித்தான். மென்றான். விழுங்கினான். திரும்பி, "அம்மா, வா" என்றான். அவளையும் தின்னச் சொன்னான். அவள் பக்கத்தில் போய் வாயைத் திறந்தாள். பல் கூசியது.

இப்படி ஒரு சந்தோஷம் அவனுக்கு உண்டென்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

"இத்தினி வருஷத்துல ஒரு தடவகூட இவன எங்கயும் கூட்டிட்டுப் போவலியேடி நானு. பூட்டிப்பூட்டி வெச்சிட்டுப் போனேனே."

"எங்கம்மா நம்மளால முடிஞ்சுது?" என்றாள் தமிழினி.

"முடியலதான். ஆனா இன்னிக்கி முடிஞ்சுதே. வுட்டுட்டுப் போவறதுக்கு வரும்போது முடியுது பாரு."

தமிழினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு காருக்குப் போனாள்.

இல்லத்துக்குப் போகும் வழி காப்பித் தோட்டத்தின் ஊடே போயிற்று. "அங்க யாரையாச்சும் பாக்கணுங்களா?" என்று தங்கராசு கேட்டார். தமிழினி ஆமாம் என்று மட்டும் சொன்னாள். முன்சீட்டில் வளவன் அசந்து கண்ணயர்ந்திருந்தான். தலை ஜன்னலில் லேசாக முட்டிக்கொண்டிருந்தது.

"தமிழு, திரும்பிடலாம்டி" என்றாள் ராஜாம்பாள்.

தமிழினி அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். "சரிம்மா. திரும்பிடலாம். அப்புறம்?"

ராஜாம்பாள் முன்சீட்டில் சாய்ந்திருந்த மகனின் தலையைப் பார்த்தாள்.

"நீ சொல்லு. வண்டிய திருப்பச் சொல்றேன். அப்புறம் என்னா பண்ணலாம்னு மட்டும் சொல்லு."

தங்கராசு வேகத்தைக் குறைத்தார். "ஏங்கம்மா, எதாச்சும் மறந்துட்டு வந்துட்டீங்களா?"

கார் கொஞ்சதூரம் ஊர்ந்தது. பின்னால் ஒரு ஜீப் ஹாரன் அடித்தது.

"இல்லிங்க. போங்க" என்றாள் ராஜாம்பாள்.

இல்லம் ஓடு போட்ட நீளக் கட்டடம். சுத்தமாக இருந்தது. குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று ராஜாம்பாள் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. சொர்ணாம்பாள் வெள்ளைப் புடவையில் வந்து வளவனின் கையைப் பிடித்து, "வாங்க தம்பி, டிபன் சாப்பிடலாம்" என்றார். கூடத்தில் இருபது பேர்போலப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். நரைத்தவர்கள், மீசைக்காரர்கள், தலை ஆடிக்கொண்டே இருக்கும் ஒருவர். எல்லோரும் வளவனைப் பார்த்தார்கள். அவனும் அவர்களைப் பார்த்தான். உலகத்தில் தன்னைப்போல இன்னும் ஆட்கள் இருப்பதை அவன் அன்றுதான் கண்டான். பெஞ்சில் இடம்விட்டார்கள், உட்கார்ந்தான்.

அவன் படுக்கையைக் காட்டினார்கள். ஜன்னலோரம். அவள் பையிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். சோறு உருட்டிக் கொடுக்க வேண்டும், இடி இடித்தால் பயப்படுவான், காது குடைய விடமாட்டான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொர்ணாம்பாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அவரு சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே கெளம்பிடுங்கம்மா. அதான் நல்லது."

"சொல்லாம எப்படிங்க போறது?"

"சொன்னா புரியுங்களா அவருக்கு?"

புரியாது. ஆனாலும் அவள் கூடத்துக்குப் போனாள். உப்புமா. ஒரு பணியாள் உருட்டி அவன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். வளவன் அம்மாவைப் பார்த்ததும் வாய்நிறைய வைத்துக்கொண்டு சிரித்தான். உதட்டோரம் ஒட்டியிருந்ததை அவள் விரலால் துடைத்தாள். கம்பெனிக்குக் கிளம்பும்போது தினமும் சொல்வதுபோல, "போயிட்டு..." என்று ஆரம்பித்தாள். வரேன் என்று எப்படிச் சொல்வாள்? போகிறேன் என்று பெற்ற பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வாள்?

"சாப்புடு" என்றாள். "சாப்புடு ராசா."

திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

தங்கராசு காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் இருவரும் ஏறியதும் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். "தம்பி எங்கங்க?"

"அவன் இங்கதான் இருப்பான்" என்றாள் தமிழினி.

தங்கராசு கதவை மெதுவாகச் சாத்தினார். தன் இடத்தில் உட்கார்ந்து சாவியைத் திருகாமல் கொஞ்சநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஓடிய பாட்டை அதன்பிறகு போடவில்லை. மலை இறங்கும்வரை ஒரு வளைவையும் அவர் எண்ணவில்லை. அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டி, டீ வாங்கிவந்து இருவருக்கும் கொடுத்தார். "எனக்குத் தெரியாமப் போச்சும்மா" என்றார். "தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு எடம் காட்டியிருப்பேன்."

ராஜாம்பாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். அது ஆறிப்போயிற்று.

முதல் மாதம் போகவேண்டாம் என்று சொன்னார்கள், போகவில்லை. தை மாதக் கடைசியில் பெரியநாயகியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனாள். வளவன் இளைத்திருந்தான். அவளைக் கண்டதும் ஓடிவரவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தைத் தடவினான், நெற்றித் தழும்பைத் தடவினான். பிறகு எழுந்து அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தான். "காரு" என்றான். "வா" என்றான். கார் இல்லை என்று சொன்னாள். அவன் இழுத்தான். இரண்டு பணியாட்கள் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது. பெரியநாயகி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துச் சொர்ணாம்பாள் கூப்பிட்டார். "நீங்க போனதுலேருந்து அவரு சாப்பிடலம்மா. கேட்டுல தலைய மோதிக்கறாரு. மருந்து குடுத்துத்தான் தூங்க வெச்சோம். பெத்தவங்கள வராதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா கொஞ்ச நாளைக்கு..."

"வரலிங்க" என்றாள் ராஜாம்பாள்.

சாவுக்குப் பயந்துதான் அவனை விட்டுவிட்டு வந்தாள். சாவு வரவில்லை. சித்திரையில் ஸ்கேன் எடுத்தார்கள். புது மாத்திரை நன்றாகக் கேட்கிறது, எலும்பில் பரவியது அப்படியே நின்றிருக்கிறது, இன்னும் சில வருஷங்கள் இருக்கலாம் என்று டாக்டர் முகம் மலர்ந்து சொன்னார். தமிழினி போனில் சிரித்தாள், வெகுநாளைக்குப் பிறகு.

"அப்ப அவன கூட்டியாந்துடலாமா?" என்றாள் ராஜாம்பாள்.

அந்தப்பக்கம் சிரிப்பு நின்றது.

"ம்மா, மறுபடி வுழுந்தா?"

ராஜாம்பாள் நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டாள்.

"இப்ப அந்த எடத்த வுட்டா திரும்பக் கெடைக்காதும்மா. அப்புறம் நெசமாவே நீ இல்லாதப்ப என்னா பண்றது? நான் என்னா பண்ணுவேன், சொல்லு."

அவள் சொல்வது சரிதான். ராஜாம்பாள் எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்தாலும் சரியாகத்தான் இருந்தது. முடிந்த மட்டும் வேலை செய்யட்டும் என்று கம்பெனியில் சொன்னார்கள். போனாள். பிசிறு துடைத்தாள். மத்தியானம் ஓடிவர வேண்டியதில்லை. ஆனாலும் அந்த நேரத்துக்கு எழுந்து நின்றுவிடுவாள், பிறகு உட்கார்ந்துகொள்வாள். பெரியநாயகி சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து இப்போது எதுவும் சொல்வதில்லை.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் ரயிலேறினாள். சேலத்திலிருந்து பஸ்ஸில் ஏற்காடு, அங்கிருந்து நடந்தாள். நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். இல்லத்தின் கேட்டுக்கு எதிரே, சாலையின் மறுபக்கத்தில் ஒரு சில்வர் ஓக் மரத்தை ஒட்டி நின்றுகொண்டாள். உள்ளே போகும் எண்ணமில்லை. தூரத்திலிருந்து ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும்.

உச்சிவேளைக்குக் கேட் திறந்தது. எல்லோரையும் நடக்கக் கூட்டிப்போயிருந்தார்கள் போல. சாலை வளைவிலிருந்து வரிசையாக வந்தார்கள். ஒருவர் தோளில் அடுத்தவர் கை. முன்னால் ஒரு பணியாள், பின்னால் ஒரு பணியாள். வளவன் நடுவில் வந்தான். சதை கொஞ்சம் பிடித்திருந்தது. முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். முன்னால் போன நரைத்த மனிதரின் தோளைப் பிடித்தபடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து ஏதோ முனகிக்கொண்டு வந்தான். சாலைக்கு இந்தப்பக்கம் அவள் நின்றாள். நாலு எட்டுத் தூரம்தான். கூப்பிட்டால் கேட்கும்.

அவள் கூப்பிடவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அவன் திரும்பவில்லை. வரிசை உள்ளே போனது. கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள்.

இறங்கும் பஸ்ஸில் கூட்டம். ஒரு பெண் நகர்ந்து இடம்கொடுத்து, "யார பாக்க வந்தீங்கம்மா?" என்று கேட்டாள்.

"யாரயும் பாக்கலம்மா" என்றாள் ராஜாம்பாள். "மலையப் பாக்க வந்தேன்."